கெட்ட பெயரில் மாட்டிய கோரை

வீட்டு முற்றத்தில் கோரை வளர்க்கலாம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். கோரையைப் பிடுங்கித்தானே பழக்கம்?

கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டிய வெள்ளறடை போன்ற ஊர்களுக்கு இது அத்தனை விபரீத யோசனை அல்ல. மலையடிவாரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. ரப்பர் சரிவுகளில் இறங்கும் தண்ணீர் தேங்கும் மூலையில் புல்தரை அழுகும், ரோஜா பிழைக்காது. கடைசியில் சிமெண்ட் கட்டை பதித்து மூடிவிடுவது கேரளத்தில் பரவலான வழக்கம். முற்றம் பளிச்சென்று ஆகிறது. ஆனால் கிணற்றுக்கு ஊற வேண்டிய மழைநீர் தெருவுக்கு ஓடுகிறது.

கோரைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது முக்கியமாக ஒரு வகைதான்: மலையாளிகள் முத்தங்கா என்று சொல்லும் கோரைக்கிழங்குச் செடி. உலகின் மிக மோசமான களைகளில் ஒன்றாக விஞ்ஞானிகள் வைத்திருப்பது இதைத்தான். மேலே பிடுங்கினால் கீழே கிழங்குச் சரம் தங்கிவிடும். (சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அதே கிழங்கு மருந்து என்பது வேறு விஷயம்.)

பாய்க்கோரை வேறு ரகம். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைக்குப் புகழ் தந்தது இந்த ரகம்தான். ஈரம் இருந்தால் போதும், மெல்லிய பச்சைத் தண்டுகள் இடுப்புயரத்துக்கு மேல் நெட்டுக்குத்தாக நிற்கும். உரம், மருந்து என்று மெனக்கெட வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், நர்சரிகளில் காசு கொடுத்து வாங்கும் குடை வடிவச் செடியும் கோரைதான். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர்.

பாய்க்கோரையும் வேர்த்தண்டு விட்டுப் பரவும் என்பதால் வேலி அவசியம். பழைய கிணற்று உறை ஒன்றைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, அதற்குள் நடலாம். துவைகல்லிலிருந்து வரும் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டால் கோடையிலும் வாடாது. ஆனால் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஆகாது. மண் சொதசொதவென்று இருந்தால் போதும். தண்ணீர் நின்றால் கொசு குடிவந்துவிடும். வருடம் ஒருமுறை, மழைக்கு முன், சாண் உயரம் விட்டு அறுத்தால் புதிதாகத் தழைக்கும்.

ஆற்றோரத்திலிருந்து தூர் எடுத்து வருபவர்கள் முதலில் வேரை நன்றாகக் கழுவிப் பார்க்க வேண்டும். மணிமணியாகக் கிழங்கு தொங்கினால் அது முத்தங்கா. முற்றத்துக்குள் நுழைய விடக்கூடாது.