அருகில் நின்றவர்

கல்வராயன் மலையடிவாரத்திலே, கச்சிராயபாளையத்தை ஒட்டிய அறுவடை முடிந்த வயல்களில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதுண்டு. மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் போட்டி நடக்கும். மட்டைக்காரனை நெருங்கி நிற்க மட்டும் எவனும் எளிதில் முன்வரமாட்டான். அந்த இடத்தையே தமக்குரியதாக்கிக் கொண்டு புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஏக்நாத் சோல்கர்.

சோல்கர் 1948ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் இந்து ஜிம்கானா மைதானத்தைப் பேணி வந்த ஊழியர். பிறர் ஆடும் களத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளை, 1969இல் இந்திய அணியில் இடம் பெற்றார்.

அவர் நின்ற இடத்தைப் ‘பார்வர்டு ஷார்ட் லெக்’ என்பர். மட்டைக்கும் அவருக்கும் இடையே சில அடிகளே இருக்கும். ஜப்பானியர் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில், உட்களத்தில் நிற்பவர் கையில் தோலுறை அணிவார். சோல்கருக்கோ வெறுங்கைதான். தலைக்கவசமும் அவர் அணிந்ததில்லை.

அத்துணை அருகில் ஏன் நிற்க வேண்டும்? சுழன்று வரும் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுக் காலுறையில் மோதினால், மெல்ல எழும்பி அங்கேயே விழுந்துவிடும். அதை ஏந்த ஆளில்லையெனில் வீச்சாளரின் திறமை வீணாகும். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னை வெங்கட்டராகவன் ஆகிய நால்வருக்கும் அக்கைகளே துணையாயின.

1971 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில், வெங்கட்டராகவன் வீச, ஆலன் நாட் தடுத்தாடிய பந்தைச் சோல்கர் முன்னே பாய்ந்து தரையருகே பிடித்தார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. அந்நாட்டு மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றது.

அவர் ஆடிய டெஸ்டுகள் 27. பிடித்த பந்துகள் 53. ஏறத்தாழ ஆட்டத்திற்கு இரண்டு! 1975இல் பம்பாயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 102 ஓட்டங்களும் குவித்தார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை கைகளே.

அந்த இடத்தின் அபாயம் கற்பனையன்று. 1998இல் டாக்காவில், கவசமின்றி அருகில் நின்ற ராமன் லம்பா தலையில் பந்து பட்டு உயிர் நீத்தார். ஆகவே சோல்கரின் துணிவைப் போற்றுவோம். கவசமின்றி நின்றதைப் பின்பற்ற வேண்டா.

2005இல் சோல்கர் மறைந்தார். ஆட்டக் கணக்கில் விக்கெட் வீச்சாளரையே சேரும். ஆனால் அதை முடித்துக் கொடுத்தவர் அருகில் நின்றவர் அன்றோ? வயலில் ஆடும் சிறுவர்களுக்கு இதனைச் சொல்லுங்கள்: ஒருவரும் விரும்பாத இடத்திலும் பெருமை உண்டு.