நெஞ்சுவலியும் பரம்பரையும்

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வந்து, "நெஞ்சை அடைக்கிறது, ஐயா" என்று சொல்லி அமர்கின்ற ஒருவரிடம், வைத்தியர் கேட்கத் தவறாத வினாக்களுள் ஒன்று, தகப்பனாருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ மாரடைப்பு வந்ததுண்டா, வந்ததெனின் எந்த வயதில் என்பது. கேட்கப்பட்டவருக்கு இது வெறும் குசலப் பிரச்னமாகத் தோன்றலாம். ஆயினும் பரம்பரை அலகுகளைப் படித்துச் சொல்லும் யந்திரங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வைத்திய சாஸ்திரத்தின் வசமிருந்துவரும் பரம்பரைப் பரிசோதனை அதுவே. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இருதயத் தசைக்கே இரத்தம் ஊட்டுகின்ற முடியுரு நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, பின் ஒருநாள் அப்படிவு வெடித்து இரத்தம் உறைந்து வழியை அடைப்பதே மாரடைப்பு. இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருவதற்குக் காரணம் ஒரே அடுப்பில் சமைத்த உணவா, ஒரே இரத்தமா என்ற சந்தேகத்தை, 1994 இல் ஸ்வீடன் நாட்டு இரட்டையர் 21,004 பேரைப் பற்றி வெளியான ஆராய்ச்சி பெருமளவு தெளிவித்தது. ஆண்களில், இரட்டையருள் ஒருவர் 55 வயதுக்கு முன் இந்நோயால் இறந்திருந்தால், மற்றவரும் அதனாலேயே இறக்கும் அபாயம், ஒரே கருவிலிருந்து பிரிந்தோரில் எட்டு மடங்காகவும் இரு கருவில் உதித்தோரில் ஏறக்குறைய நான்கு மடங்காகவும் இருந்தது. இருவகையினரும் பொதுவாக ஒரே வீட்டில் வளர்ந்தவர்களாகையால், வித்தியாசத்தை அடுப்பின்மேல் முழுவதும் சுமத்த இயலாது.

ஆனால் அந்த வித்தியாசம் உடலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 2007 மே மாதத்தில், கனடாவின் ஒட்டாவாவிலும் ஐஸ்லாந்திலும் இருந்த இரு ஆராய்ச்சிக் குழுவினர், ஒருவர் சொல்லை மற்றவர் உறுதிசெய்வதுபோல, ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினர். அவ்விடத்து மாறுபாட்டைத் தாய்வழியிலும் தந்தைவழியிலுமாக இரு பிரதிகள் பெற்றவர்கள், ஐஸ்லாந்துக் குழுவினர் ஆராய்ந்த ஐரோப்பிய வம்சத்தாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஒரு பிரதியும் இல்லாதவரைக் காட்டிலும் அவர்களுக்கு மாரடைப்பின் அபாயம் சுமார் 60 சதவீதம் மிகுதி. இதில் ஆச்சரியம் யாதெனில், இம்மாறுபாடு கொலஸ்திரோலையோ இரத்த அழுத்தத்தையோ நீரிழிவையோ கருவியாகக் கொள்ளாமல், வேறொரு வழியில் நாடிச் சுவரைத் தாக்குவதாகத் தோன்றுகிறது என்பதே. அதன் பின்னர் இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பம், கூட்டினால் மட்டுமே கவனிக்கத்தக்கவை.

நம்மவருக்கு இவை பொருந்துமா? 2011 இல் ஐரோப்பியரோடு தெற்காசியரையும் சேர்த்து நடந்த பேராராய்ச்சியொன்றில், நோயுற்ற தெற்காசியர் 6,996 பேர் இடம்பெற்றனர். அதிலே மேலும் ஐந்து இடங்கள் புலப்பட்டன. எனினும் இத்துறையின் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய இரத்தத்தைக் கொண்டே போடப்பட்டவையாதலால், அவற்றை அப்படியே தூக்கிவந்து மலையகத் தோட்டத்துத் தொழிலாளியின்மேலோ கண்டி நகரத்து வியாபாரியின்மேலோ பொருத்துவது விவேகமாகாது.

இலங்கை உட்படப் பல நாடுகளில் மாரடைப்பைப் பற்றி நடந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், ஏனையோருக்கு 59 வயதிலும் வருவதாகக் கண்டது. ஆறு வயது இளமையிலேயே நம்மைப் பிடிப்பது பரம்பரைதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அதற்கு உடன்படேன். புகைத்தலும் கெட்ட கொழுப்பும் நீரிழிவும் நம்மவரிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது அதே ஆராய்ச்சியின் முடிபு. மேலும், கால்நடையாய் மலையேறி வந்த பாட்டனின் பரம்பரை அலகுகளே பேரனிடமும் இருக்கின்றன. முச்சக்கர வண்டியும் சீனி கொட்டிய பிளேன் டீயும் நாள் முழுதும் கடையில் உட்கார்ந்த உத்தியோகமுமே புதியவை. மலைச்சரிவு செங்குத்தாயிருப்பது பரம்பரை. மண் சரிவதற்கு மழையும் வேண்டும். 2016 இல் 50 மாறுபாடுகளைக் கூட்டிக் கணித்த ஓர் ஆராய்ச்சியில், அதிக அபாயத்தோடு பிறந்தவர்களுள் புகைக்காமை, உடல் பருக்காமை, நல்லுணவு, தேகாப்பியாசம் என்ற நான்கில் மூன்றையேனும் பேணியவர்களுக்கு, ஒன்றுக்குமேல் பேணாதவர்களைவிட நோய் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது.

இதற்கு விலக்காக ஒன்றுண்டு. கொலஸ்திரோலை இரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பியில் பிறவிக் குறையுள்ள குடும்பங்களில், பெற்றோரில் ஒருவரிடம் அக்குறை இருப்பின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. உலகில் சுமார் 250 பேரில் ஒருவர் இப்படி. இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மாத்திரம் போதாது, இளமையிலேயே மருந்து வேண்டும். ஒற்றை அலகைத் தேடுகின்ற பரிசோதனை மெய்யாகப் பயன்படுவது இவ்விடத்தில்தான். மற்றையோர் அதற்காகப் பணம் செலவிடுவதற்கு முன் செய்யவேண்டியவை பல.

ஆதலால், தகப்பனாரோ சகோதரரோ 55 வயதுக்கு முன்பும், தாயாரோ சகோதரியோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்புக்கு உள்ளான குடும்பத்தவர் எவராயினும், நெஞ்சு வலிக்கும்வரை காத்திராமல், கிட்டிய அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.