சிவப்பு அட்டையும் கப்பல் சீட்டும்

ஈப்போவிலிருந்து கோப்பெங் நோக்கிச் செல்லும் சாலையில் சிம்பாங் பூலாய் இருக்கிறது. ‘சிம்பாங்’ என்றால் மலாய் மொழியில் சந்தி. சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைக்கும் குவாரிகளும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் இருந்தன. இன்று அவ்விடங்களில் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால் வெட்டிய நம்மவர் குடும்பங்கள் எங்கே போயின? ஈப்போவுக்குப் போனவர்கள் உண்டு, கோலாலம்பூருக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பிவிட்டவர்களும் உண்டு. அவர்கள் ஏன் போனார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் நெடுங்காலம் குடியிருந்தவர்களும் குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலும் சலுகை தரப்பட்டது. குடியுரிமை பெற்றவர்களுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. தோட்டத்து மக்களில் பலர் மனுச் செய்யவில்லை. காரணம் என்ன? அலுவலகம் தூரத்தில் இருந்தது. ஒரு நாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். பிறப்புப் பத்திரம் இருக்காது. நீல அட்டை வாங்கினால் ஊரிலுள்ள காணியும் உறவும் அற்றுப்போகும் என்ற அச்சமும் இருந்தது. சிவப்பு அட்டையோடும் பால் வெட்டலாமே, அட்டையின் நிறத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்றே பலர் எண்ணினார்கள்.

இதற்கிடையே தோட்டங்களும் ஆட்டம் கண்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. இதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற அதனால் இயலவில்லை.

இந்நிலையில்தான் 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் ‘வேலை பெர்மிட்’ வேண்டும் என்றாயிற்று. பெர்மிட்டுக்குக் கால வரையறை உண்டு. அந்த வேலைக்குக் குடிமகன் ஒருவர் கிடைத்தால் அது புதுப்பிக்கப்படும் என்ற உறுதி இல்லை. வேலை போனால் வீடும் போகும். எனவே ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, பினாங்குத் துறைமுகத்தில் ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் ஏறி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினார்கள்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதைப் போன்ற துயரம் நிகழ்ந்தது. ஆனால் அங்கே 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். இங்கே அப்படி ஓர் ஒப்பந்தமும் இல்லை. யாரும் ‘போ’ என்று சொல்லவில்லை. இருக்க வழியில்லாமல் போனது.

விளைவுகளைப் பாருங்கள். தந்தையிடம் சிவப்பு அட்டை, மகனிடம் நீல அட்டை என்றால், கடல் நடுவே நின்று குடும்பத்தைப் பிரித்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கிராமம் அந்நிய ஊராக இருந்தது. தோட்டங்களோ கைதேர்ந்த பால்வெட்டுக்காரர்களை இழந்தன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, ஏக்கருக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். இளைஞர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளை நாடினார்கள். முடிவில் தோட்டங்களில் ஆள் பஞ்சம் ஏற்பட்டது. 1984-இல் மேடான் நகரில் இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் செய்து வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைக்க வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெர்மிட் இல்லையென்று போனவர்களின் இடத்துக்கு, பெர்மிட்டோடு வேறொரு நாட்டவர் வந்தார்கள்.

இது பழைய கதைதானே என்று நாம் விட்டுவிட முடியாது. அட்டையும் பத்திரமும் இல்லாமல் அல்லலுறும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று திருமணத்தைப் பதியாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால், குடியுரிமை விஷயத்தில் பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றும். தந்தை குடிமகனாக இருந்தும் பயனில்லாமல் போகும். தாய் குடிமகள் அல்லாதவராயின், நம் மண்ணில் பிறந்த குழந்தையே எந்த நாட்டுக்கும் உரியதல்ல என்று ஆகிவிடக்கூடும்.

ஆகவே நேயர்களே, பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். திருமணப் பதிவை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர் எவரேனும் இன்னும் சிவப்பு அட்டையோடு இருந்தால், படித்த பிள்ளைகள் அவரைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் சென்று, உடனிருந்து மனுவை நிரப்பிக் கொடுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. அந்த ஒரு நாளைக் கணக்குப் பார்த்துத்தான் அன்று பலர் கப்பலேற நேர்ந்தது.