ஆக்ராவில் ஒரு நாள், அக்காவுடன்

டில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்திற்கு என்று சில கடமைகள் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது, கரோல் பாகில் ஸ்வெட்டர் வாங்கித் தருவது, மலை மந்திருக்குக் கூட்டிப் போவது, எல்லாவற்றுக்கும் முடிவாக ஆக்ரா. ரயில்வே உத்தியோகத்தில் சேர்ந்து டில்லிக்கு வந்த நாள் முதல் மைத்துனர்கள், சகலைகள், சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய சம்பந்திகள் என்று எத்தனையோ பேரை நான் தாஜ்மகால் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் நான் வாசலிலேயே மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவேன். நம் வாசகர்களில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தப் பயணங்கள் எல்லாம் பெரும்பாலும் சுற்றுலா பஸ்ஸில்தான். விடியற்காலையில் ஏறினால் நள்ளிரவில் இறங்கலாம். வழியில் மதுரா, பிருந்தாவனம், கோட்டை, சலவைக்கல் கடை, பேட்டா மிட்டாய்க் கடை. தாஜுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். கையில் கொடியுடன் முன்னால் ஓடும் கைடு ஒப்பிக்கும் கதை, பின்னால் வருகிறவர்கள் காதில் பாதிதான் விழும். அதைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த செலவில் நாற்பது பேர் பார்த்துவிட்டு வர அதுதான் வழி.

சென்ற பிப்ரவரியில் என் அக்கா டில்லிக்கு வந்தார். வயது 77. மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமம். விந்தியத்துக்கு வடக்கே அவர் வருவது இதுதான் முதல் தடவை. இரண்டு முழங்காலிலும் வலி, கண்ணில் புரை எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. பஸ் சரிப்படாது என்று தீர்மானித்தோம். ஒரு நாள் முழுவதும் எங்களுக்கு மட்டும் என்று ஒரு காரும் ஒரு கைடும் அமர்த்திக்கொண்டு போய் வந்தோம். அப்படிப் போனதில் கிடைத்தது என்ன என்பதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ரயிலும் கைடும்

டில்லியிலிருந்தே காரில் போகலாம். 2012-ல் திறந்த யமுனா எக்ஸ்பிரஸ் வே 165 கிலோமீட்டர் நீளம், நல்ல சாலை. ஆனால் ரயில்வேக்காரன் ரயிலைத்தானே தேடுவான்? 2016 ஏப்ரலில் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுத்தீனிலிருந்து காலையில் கிளம்பி 188 கிலோமீட்டரை ஏறக்குறைய 100 நிமிஷத்தில் ஓடிவிடுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகம். டம்ளரில் காபி தளும்பவில்லை என்று அக்கா சர்டிபிகேட் கொடுத்தார். தண்டவாளத்தைப் பராமரிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய மெடல் கிடையாது.

காரையும் கைடையும் ஆக்ராவில் அமர்த்திக்கொண்டோம். கைடு விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. ஸ்டேஷன் வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறவர்களை ஆக்ராவில் 'லப்கா' என்பார்கள். கூலி குறைவாகக் கேட்பார்கள். கடையில் கிடைக்கும் கமிஷன்தான் அவர்கள் சம்பாத்தியம். அரசாங்க உரிமம் பெற்ற கைடுகள் வேறு. அடையாள அட்டை வைத்திருப்பார்கள். எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயதிருக்கும், தாஜ்கஞ்சில் பிறந்து வளர்ந்தவர். தொலைபேசியில் பேசும்போதே இரண்டு நிபந்தனை சொன்னேன். கடை எதற்கும் போகக் கூடாது. அக்கா நடக்கிற வேகத்தில்தான் நடக்க வேண்டும். "பேசின கூலியைக் கொடுத்தால் போதும் சாப். கடைக்கு என்னத்துக்கு?" என்றார். அவருடைய உருது கலந்த ஹிந்தியை அக்காவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

தாஜுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே கார் நின்றுவிடும். புகை கூடாது என்பதற்காக அங்கிருந்து பேட்டரி வண்டி. உள்ளே சக்கர நாற்காலி கிடைக்கிறது. ஆனால் சலவைக்கல் மேடைக்குப் படி ஏறித்தான் ஆக வேண்டும். அக்கா ஒவ்வொரு படியாக, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பத்து நிமிஷம் ஆயிற்று. கைடு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தனியாக அமர்த்தியதன் முதல் பலன் அது.

அஸ்திவாரம்

நான் டிப்ளமா படித்துவிட்டு, சர்வீஸின் பெரும் பகுதியைப் பாலங்களில் கழித்தவன். எனக்கு வேண்டியது அஸ்திவாரம். ஆற்று மணலில் இத்தனை கனத்தை எப்படி நிறுத்தினார்கள் என்று கைடைக் கேட்டேன். அவர் எங்களை ஆற்றுப் பக்கத்து மேடைக்கு அழைத்துப் போனார்.

ஷாஜகானின் அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீது லாகோரி இதை எழுதி வைத்திருக்கிறார். நீர்மட்டம் வரை தோண்டிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு நிரப்பிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய பக்கத்தில் வரிசையாகக் கிணறுகள் இறக்கி, அவற்றை நிரப்பி, அதன்மேல் மேடையை எழுப்பினார்கள். நம் பெரிய ரயில்வே பாலங்களின் தூண்கள் ஆற்றுக்குள் நிற்பதும் கிணறு அஸ்திவாரத்தின்மேல்தான். நானும் சிலவற்றை மழைக்காலத்தில் இரவெல்லாம் காவல் காத்திருக்கிறேன். 1632-ல் வேலை தொடங்கியபோது அந்த முறை இங்கே பழகிப்போன ஒன்று என்பதை நினைத்தபோது, பெயர் தெரியாத அந்த மேஸ்திரிகளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வெள்ளையாகத் தெரிவது மேல் போர்வை. உள்ளே செங்கல். அதன்மேல் ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்த சலவைக்கல். குவிமாடமும் ஒன்றல்ல, இரண்டு. உள்ளே நின்று நிமிர்ந்தால் தெரிவது ஒன்று, வெளியே தெரிவது மற்றொன்று, நடுவில் பெரிய வெற்றிடம். வெளிக் குவிமாடத்தின் உயரத்தையே உள்ளேயும் விட்டிருந்தால், கூடம் கிணற்றை அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்திருக்கும்.

தரைக் கற்களில் ஓரிரு இடத்தில் நட்சத்திரம், முக்கோணம் போன்ற சின்னக் குறிகளைக் கைடு காட்டினார். கல் தச்சர்கள் தங்கள் வேலைக்கு இட்ட அடையாளம். "வேலை செய்தவன் கணக்கு" என்றார். உடனே நான், கட்டி முடித்ததும் தொழிலாளர்களின் கையை வெட்டிவிட்டார்களாமே என்று ஊரறிந்த அந்தக் கதையை எடுத்துவிட்டேன். அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றுதான்.

அவர் சிரித்தார். "சாப், சமாதிக் கட்டடம் 1643 வாக்கில் முடிந்தது. சுற்றுக் கட்டடங்கள் எல்லாம் முடிய 1653 ஆயிற்று. இதற்கு நடுவில் 1639-ல் டில்லியில் செங்கோட்டை தொடங்கி 1648-ல் முடித்துவிட்டார்கள். கையை வெட்டியிருந்தால் செங்கோட்டையை யார் கட்டியது? என் தாய்மாமன் இன்றைக்கும் தாஜ்கஞ்சில் சலவைக்கல்லில் பூப் பதிக்கிறார். வந்து கையைப் பாருங்கள்" என்றார்.

அந்தப் பதிலுக்கே கூலி செரித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கதை சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. கதை பொய் என்று சொல்லி, அதற்குக் காரணமும் காட்டுகிறவர் நல்ல கைடு.

அக்காவின் கேள்வி

உள்ளே போய் இரண்டு சமாதிகளையும் பார்த்தோம். நடு மையத்தில் மும்தாஜ். பக்கத்தில், சமச்சீரைக் கெடுத்துக்கொண்டு, பிறகு வந்து சேர்ந்த ஷாஜகான். மேலே நாம் பார்ப்பவை அடையாளம் மட்டுமே. உண்மையான சமாதிகள் கீழ் அறையில். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்ததும் கைடு வரலாற்றைச் சொன்னார். 1631 ஜூன் 17-ஆம் தேதி, புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில் மும்தாஜ் இறந்துபோனது; 38 வயது; தபதிக்கரையில் முதலில் அடக்கம் செய்து பிறகு ஆக்ராவுக்குக் கொண்டுவந்தது. நம்மில் பம்பாய்ப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குப் புர்ஹான்பூர் தெரியும், கண்ட்வாவுக்கும் பூசாவலுக்கும் இடையில் உள்ள ஸ்டேஷன்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, அந்தக் குழந்தை பொழச்சுதா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில், இத்தனை உறவினர்களில், அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியாது. கைடிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிழைத்தது மாதாஜி. பெண் குழந்தை. கௌஹராரா பேகம் என்று பெயர். எழுபது வயதுக்கு மேல் இருந்து 1706-ல் காலமானார். பதினான்கில் ஏழுதான் தங்கின. அந்த ஏழில் கடைசி இவர்."

"அம்மா இல்லாம யார் வளத்தா?"

"மூத்த பெண் ஜஹானாரா. அப்போது 17 வயது. அம்மா இருந்த இடத்தில் இருந்து அரண்மனைப் பொறுப்பையும் தம்பி தங்கைகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா காலமானதும் பிரசவத்தில்தான். அப்போது அக்காவுக்குப் பத்து வயது. பிறந்த குழந்தை நான். பள்ளிக்கூடத்தை அதோடு நிறுத்திவிட்டு என்னை இடுப்பில் தூக்கியவர் அவர். இதைப் பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது கிடையாது. அன்றும் பேசவில்லை.

அக்கா தாஜை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்தப் பெரிய பொண்ணுக்கு யாரும் ஒண்ணும் கட்டலையா?" என்றார்.

கைடுக்கு என் மொழிபெயர்ப்பு போய்ச் சேர ஒரு நிமிஷம் பிடித்தது. "அவருக்கு யாரும் கட்டவில்லை மாதாஜி. அவர்தான் கட்டினார். பார்க்கிறீர்களா?" என்றார்.

திட்டத்தில் இல்லாத இடம்

எங்கள் திட்டப்படி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை. அதை விட்டுவிட்டு, ஆக்ரா ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜாமா மசூதிக்குக் காரைத் திருப்பினார். 1648-ல் ஜஹானாராவின் பணத்தில் கட்டியது. குவிமாடங்களில் சிவப்பும் வெள்ளையுமாக வளைந்து வளைந்து ஓடும் பட்டைகள். அக்காவால் படி ஏற முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். கோட்டைக்கும் மசூதிக்கும் நடுவில் பழைய காலத்தில் ஒரு முற்றம் இருந்ததாம். ரயில்வே ஸ்டேஷன் கட்டுவதற்காக 1870-களில் அதை இடித்துவிட்டார்கள் என்று கைடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரயில்வேயின் சார்பில் நான் பேசாமல் இருந்தேன்.

சாயங்கால ரயிலுக்கு முன்னால் யமுனையைத் தாண்டி மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குப் போனோம். அங்கேதான் ஷாஜகான் தனக்குக் கறுப்பில் ஒரு தாஜ் கட்டத் தொடங்கினார் என்று ஒரு கதை. 17-ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வியாபாரி தவர்னியே எழுதியதிலிருந்து கிளம்பியது. 1990-களில் அங்கே தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது எண்கோணக் குளமும் தோட்டமும்தான். நிலவில் தாஜின் நிழலைத் தண்ணீரில் பார்ப்பதற்காக அமைத்த தோட்டம். கூட்டமில்லை, படியில்லை. வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இடம் இதுதான்.

கதை இதோடு முடியவில்லை. ஜஹானாராவின் சமாதி எங்கே என்று அக்கா ரயிலில் கேட்டார். கைடு முன்பே சொல்லியிருந்தார்: நாங்கள் ரயில் ஏறிய அதே நிஜாமுத்தீனில், தர்கா வளாகத்துக்குள். அடுத்த வாரம் போனோம். சலவைக்கல் ஜாலிச் சுவர்களுக்குள், மேலே கூரை கிடையாது. சமாதியின் நடுவில் மண்ணை நிரப்பிப் பச்சை விட்டிருக்கிறார்கள். அவருடைய விருப்பமே அதுதானாம். 1681-ல் காலமானவர். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் சாந்தினி சௌக் அவர் அமைத்தது. அக்கா ஜாலிக்கு வெளியே சற்று நேரம் நின்றார். "இது போதும்" என்றார். அவர் சொன்னது அந்தச் சமாதியையா, பார்த்துவிட்டோம் போகலாம் என்பதையா என்று நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை தாஜ் கிடையாது, கதிமானும் ஓடாது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி ரயிலையும் தாமதிக்கும், தாஜையும் மறைக்கும். பிப்ரவரி, நவம்பர் உத்தமம். நுழைவுச் சீட்டு எடுக்கும்போது சமாதிக் கட்டடத்துக்குள் போகத் தனிக் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்; 2018 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விட மாட்டார்கள், எனவே புளியோதரை காரிலேயே இருக்கட்டும். கைடின் கூலியை முன்கூட்டியே பேசி, அடையாள அட்டையைப் பார்த்து, கடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சலவைக்கல் சாமான் வாங்கியே தீர வேண்டுமென்றால் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது மாக்கல்.

செலவு பஸ்ஸைவிடப் பல மடங்கு. மறைக்கவில்லை. நான்கு பேராகப் போனால் பங்கு குறையும். எல்லா விருந்தாளிக்கும் இது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆனால் வீட்டில் மூத்தவர்கள் இருந்து, அவர்கள் ஒரே ஒரு முறைதான் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால், ஒரு நாளை அவர்கள் கால் நடக்கிற வேகத்துக்கு விட்டுக் கொடுங்கள். உட்கார இடமும் பதில் சொல்ல ஒரு ஆளும் இருந்தால், அவர்கள் கேட்பதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள்.