கருவுற்ற பிள்ளையைத் தனியே விடாதீர்கள்

காணியையும் மாட்டையும் விட்டுவிட்டு வத்தளைக்கு வந்த குடும்பம். ஹெந்தளையிலோ மாபோலையிலோ ஓர் அறை வாடகைக்கு. தகப்பன் கூலி வேலைக்கு, தாய் வீட்டு வேலைக்கு, பதினாறு வயது மகள் கடையில் வேலைக்கு. ஊரில் என்றால் அம்மம்மா, பெரியம்மா, மாமி என்று பிள்ளையைப் பார்க்கப் பல கண்கள் இருந்தன. இங்கே யாருமில்லை. ஒருநாள் தாய் அறைவீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "சுவாமி, அவசரமாக ஒரு கலியாணம் எழுத வேண்டும்" என்கிறாள். ஏனென்று நாம் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கலியாணத்தை எழுத முடியாது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பொதுச் சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமண வயது 18. கடும் பயத்தினாலும் கட்டாயத்தினாலும் நடக்கும் திருமணம் திருச்சபைச் சட்டப்படியும் செல்லாது. பிள்ளை பதினாறுக்கு உட்பட்டவள் என்றால், அவள் சம்மதித்தாள் என்று சொன்னாலும் அது குற்றமே. குற்றம் செய்தவனுக்கே பிள்ளையைக் கட்டிக்கொடுத்து மானம் காப்பதை நாம் மானமாகக் கருதவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? மறைக்காதீர்கள். வளர்ந்து முடியாத உடலில் கரு வளரும்போது இரத்த அழுத்தம், வலிப்பு, இரத்தச்சோகை, நிறை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துக்கள் கூடுதலாக உண்டு. வயிறு தெரியும்வரை அறைக்குள் பூட்டி வைத்தால், கவனிக்க வேண்டிய முதல் மாதங்கள் வீணாகும். இரகசியமாகக் கலைக்கப் போவது உயிருக்கே ஆபத்து. அப்பகுதி மருத்துவமாதுவிடம் பதிந்தால் கர்ப்பவதி அட்டை, கிளினிக், இரும்புச்சத்து மாத்திரை, ஏற்பு ஊசி, திரிபோஷா எல்லாம் இலவசம். மணமானவளா என்பது அங்கே நிபந்தனை அல்ல. கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே றாகம ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இதையெல்லாம் தாய் மட்டும் செய்ய முடியாது. அவள் அழுதுகொண்டிருப்பாள்; அல்லது அடித்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் கண்டிருக்கிறோம். எனவே பங்கிலுள்ள, வாய் காக்கத் தெரிந்த ஒரு மூத்த பெண் அந்தப் பிள்ளைக்குத் துணையாக வேண்டும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கவும், பொலிசுக்குப் போக வேண்டியிருந்தால் கூடப் போகவும், சாப்பிட்டாயா என்று கேட்கவும் அவள் வேண்டும். புத்திமதி சொல்லப் பலர் இருக்கிறார்கள். மரியாள் எலிசபெத்துக்கு உதவப் போனதாகவே நாம் பிரசங்கம் செய்கிறோம். மூன்று மாதம் அந்த இளம் பெண்ணை வீட்டில் வைத்திருந்தவள் எலிசபெத் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடு சந்திப்பதை நீங்கள் ஊரில் கண்டிருப்பீர்கள். 1921இல் டப்ளின் நகரில் தொடங்கிய அந்தச் சேனை, 1930இல் அங்கே ரெஜினா சேலி என்ற விடுதியைத் திறந்தது. அக்கால அயர்லாந்தில் மணமாகாத தாய்மாரை ஒதுக்கி வைத்து, குழந்தையைப் பிரித்துக் கொடுத்த இல்லங்கள் பல. அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் எமது கன்னியர்களே, இதை மறைப்பதற்கில்லை. 2021 ஜனவரியில் அந்நாட்டுப் பிரதமர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ரெஜினா சேலியிலோ தாய் தன் பிள்ளையைத் தன்னுடனேயே வைத்து வளர்க்க முடிந்தது. ஒருத்தி வேலைக்குப் போக, மற்றவள் பிள்ளைகளைப் பார்த்தாள். நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத சாதாரணப் பெண்கள்.

எமது நாட்டிலும் படிப்பினை உண்டு. அன்னை தெரேசாவின் சகோதரிகள் மொறட்டுவையில் இத்தகைய தாய்மாருக்காக நடத்திவந்த இல்லத்தில், குழந்தைகள் விற்கப்படுவதாக எழுந்த முறைப்பாட்டின்பேரில் 2011 நவம்பரில் அதிகாரிகள் சோதனை நடத்தினர். ஒரு சகோதரி கைதானார். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. ஆயினும் இப்பணியில் நல்ல மனத்தோடு ஒழுங்கான பதிவும் வேண்டும் என்று அறிந்துகொண்டோம். சந்தேகம் எழக் காரணமும் இருந்தது. 1980களில் தரகர்கள் ஏழைத் தாய்மாரிடம் குழந்தைகளை வாங்கிப் பொய்ப் பத்திரங்களோடு வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். ஆகவே யாராவது உங்கள் வாசலுக்கு வந்து, "பிள்ளையை நல்ல இடத்தில் கொடுக்கிறேன், செலவையும் பார்க்கிறேன்" என்றால் நம்பாதீர்கள். தத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வழியாகவே நடக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம்.

அந்தப் பிள்ளையின் படிப்பையும் முடிந்துபோனதாக எண்ண வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையைப் பின்னர் வெளிவாரியாக எழுதலாம். குழந்தையைப் பார்க்க ஒருவர் இருந்தால் போதும்.

இன்னொன்று, பிறப்புப் பதிவு. குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால், தகப்பனும் தாயும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட்டால்தான் தகப்பன் பெயர் எழுதப்படும்; இல்லாவிட்டால் தாயின் பெயரோடு பதியலாம். வெட்கத்தால் பதியாமல் விடப்படும் குழந்தைக்குப் பாடசாலையில் சேரும்போதும் அடையாள அட்டை எடுக்கும்போதும் கரைச்சல் வரும். இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பதிவாளரிடம் போகும் நாளிலும் அந்த மூத்த பெண் கூடப் போகட்டும்.