ஊரே கட்டிய பாடசாலை



எந்தக் கட்டடமானாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் கருத்தைக் கேட்டுக் கட்டுவதே நீதி. அப்படிச் செய்துவரும் கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் பெயர் பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில், காண்டோ என்ற கிராமத்தில் 1965இல் பிறந்தவர். ஊரில் பாடசாலை இல்லை. அதனால் ஏழு வயதில் தாயைப் பிரிந்து வேறு ஊருக்குப் படிக்கப் போனார். அங்கே காற்றோட்டமில்லாத சீமெந்து வகுப்பறையில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெக்கையில் நெருங்கியிருந்தார்கள்.

விடுமுறை முடிந்து அவர் புறப்படும்போதெல்லாம் கிராமத்துப் பெண்கள் தம்மிடமிருந்த கடைசிச் சில்லறையையும் அவர் கையில் கொடுப்பார்கள். ஏன் என்று தாயிடம் கேட்டார். நீ படித்து வந்து ஊருக்கு உதவுவாய் என்ற நம்பிக்கையில்தான் என்றார் தாய்.

1985இல் தச்சுத்தொழில் பயிலப் புலமைப்பரிசில் பெற்று ஜேர்மனி சென்றார். இரவு வகுப்பில் படித்துப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். மாணவராக இருக்கும்போதே 1998இல் ஓர் அமைப்பைத் தொடங்கி நிதி சேர்த்தார். 2001இல் காண்டோவில் பாடசாலை எழுந்தது.

மண்ணால் கட்டுவோம் என்று அவர் சொன்னபோது ஊரவர் தயங்கினார்கள். மாரி மழைக்கு மண்சுவர் கரையும் என்பது அவர்களின் அனுபவம். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். களிமண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து கல் அரிந்தார்கள். தகரக் கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டி, மழையைத் தடுத்தார்கள். கூரையை உயர்த்தி, அதன் கீழே துவாரங்களுள்ள கல் முகடு அமைத்ததால் வெக்கை மேலெழுந்து வெளியேறியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். பெண்கள் மணிக்கணக்காக நீர் தெளித்து மண்தரையை அடித்து இறுக்கினார்கள். பின்பு அது கல்லால் தேய்த்து மினுக்கப்பட்டது.

120 பிள்ளைகளோடு தொடங்கிய பாடசாலையில் தொகை பின்னர் 700 ஆனது. 2004இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022இல் அத்துறையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவரானார் கெரே.

சமூகப் பணியாளராகிய எனக்கு விருதுகளைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வேலை பழகிய ஊரவர்களின் கையில் ஒரு தொழில் தங்கிவிட்டது. கட்டடத்தோடு உதவி முடிந்துவிடவில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரில் வீடோ முன்பள்ளியோ கட்டுவதற்குக் கூட்டம் வைத்தால் பின்வரிசையில் இருந்துவிடாதீர்கள். சமையலறை எந்தப் பக்கம், வாடைக்காற்று எங்கிருந்து அடிக்கும், குளிக்கும் இடத்துக்கு மறைப்பு உண்டா என்று எழுந்து கேளுங்கள். அந்த வீட்டில் வாழப்போகிறவர் நீங்கள்தான்.