மலைக் காய்கறி வீட்டுக்கு வந்தால்

தானா ராத்தாவைக் கடந்து கீ ஃபார்ம் சந்தையில் சோளமும் கோபிஸும் பை பையாக வாங்கிக் காரில் அடைத்துக்கொண்டு கீழே இறங்குகிறோம். மறுநாள் அவித்துத் தின்றால், மலையில் சாப்பிட்ட இனிப்பு இல்லை. வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. பறித்த நொடியிலிருந்தே சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. மலைக் குளிரில் மெல்ல நடப்பது, வெயிலில் நின்ற காருக்குள் விரைந்து நடந்துவிடுகிறது. மடலை உரிக்காமல் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, அன்றிரவே அவித்துவிடுங்கள்.

கோபிஸ் அப்படியல்ல, குளிர்பெட்டியில் பல நாள் தாங்கும். அதற்கு எதிரி அடுப்புதான். நெடுநேரம் வெந்தால் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து வாடை கிளம்பும். (விடுதிச் சாப்பாட்டில் மூக்கைப் பொத்தியவர்களுக்கு இது தெரியும்!) மெல்லியதாக அரிந்தால், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, ஐந்தே நிமிடத்தில் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடலாம். தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து சமைத்த நம் பாட்டிமாருக்கு இந்தப் பக்குவம் கைவந்தது. அரியத்தான் ஆள் இருந்ததில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பும் நாம் அந்த வேலையை வாங்கிக்கொள்ளலாம், ஆண்பிள்ளைகளும்தான். அரியும்போது பாட்டியிடம் மற்றப் பக்குவங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

தக்காளியை மட்டும் குளிர்பெட்டிக்கு வெளியே வையுங்கள். குளிரில் அதன் மணம் மங்கிவிடும். ரசத்துக்கு வேண்டியது அந்த மணம்தானே?